பாவம் வாசற்படியில்: அமெரிக்க நாவல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: பழைய அமெரிக்கக் கதைகளில் வரும் பாவம், மனிதனின் சுயசித்தம், மாய்மாலம். பட்டப்படிப்புக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள், பொழுதுபோக்காக வாசிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் அவற்றை ஒன்றாக்கியுள்ளோம்.

கேள்வி: ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலை மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் சுங்க அலுவலகம் பற்றிய முதல் பகுதியிலேயே நிறுத்திவிட்டேன். அதை விட்டுவிட்டு வாசித்தால் பிழையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பிழையே இல்லை. அது ஒரு நீண்ட முன்னுரை. நத்தானியல் ஹாதோர்ன் 1846 முதல் 1849 வரை சேலம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆட்சி மாறியதும் வேலை போனது. அந்த மனக்கசப்பெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது. கதைக்குத் தேவையான விடயம் அதில் ஒன்றுதான்: அலுவலகத்தின் மேல்மாடியில் கிடந்த பழைய காகிதக் கட்டுக்குள் சிவப்புத் துணியில் தைத்த ‘ஏ’ என்ற எழுத்து கிடைத்ததாக அவர் கட்டும் பாவனை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நேரே முதலாம் அத்தியாயத்துக்குப் போங்கள். 24 அத்தியாயங்களையும் முடித்தபின் முன்னுரைக்குத் திரும்பினால் அலுப்புத் தட்டாது.

கதை நடப்பது 1642க்கும் 1649க்கும் இடைப்பட்ட பொஸ்டன் நகரில். கணவன் வந்து சேராத ஊரில் ஹெஸ்டர் பிரின் ஒரு பெண் குழந்தையைப் பெறுகிறாள். விபசாரத்துக்குத் தண்டனையாக அந்தச் சிவப்பு ‘ஏ’ எழுத்தை மார்பில் அணிய வைக்கிறார்கள். தகப்பன் யாரென்று சொல்ல மறுக்கிறாள். தகப்பன் அந்த ஊரே கொண்டாடும் இளம் போதகர் டிம்ஸ்டேல். கணவன் சில்லிங்வேர்த் என்ற பொய்ப் பெயரோடு வந்து, வைத்தியனாகப் போதகரின் பக்கத்திலேயே குடியேறுகிறான்.

நாவலின் முதுகெலும்பு தண்டனை மேடையில் நடக்கும் மூன்று காட்சிகள். 2ஆம், 3ஆம் அத்தியாயங்களில் பட்டப்பகல்: ஹெஸ்டர் கைக்குழந்தையோடு மேடையில் நிற்கிறாள். போதகர் அதற்கும் மேலே, ஆளுநரோடு உப்பரிகையில் நின்று, “தகப்பன் பெயரைச் சொல்” என்று அவளைக் கேட்கிறார். 12ஆம் அத்தியாயத்தில், ஏழு வருடங்களின் பின், நள்ளிரவு: அவர் மேடையில் ஏறுகிறார், ஆனால் பார்க்க ஊர் இல்லை. “நாளை நண்பகலில் எங்களோடு இங்கே நிற்பீர்களா?” என்று குழந்தை கேட்க, “நாளை இல்லை, நியாயத்தீர்ப்பு நாளில்” என்கிறார். 23ஆம் அத்தியாயத்தில் மறுபடி பட்டப்பகல். ஒவ்வொரு தடவையும் யார் மேடையில் நிற்கிறார், யார் நின்றிருக்க வேண்டும், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பிடி தவறாது.

கேள்வி: டிம்ஸ்டேல் பிரசங்க மேடையில் “நான் பாவி, பாவிகளிலும் இழிந்தவன்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரே. உண்மையைச் சொன்னவரை எப்படி மாய்மாலக்காரர் என்பது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இந்த நாவலைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மிகக் கூர்மையானது இது. பதில் 11ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அவர் சொன்னது சொல்லளவில் உண்மை. ஆனால் அந்தச் சபையில் ஒவ்வொரு நல்ல கிறிஸ்தவனும் தன்னைப் பற்றிச் சொல்லும் வாசகம்தான் அது. கேட்டவர்கள், “இவ்வளவு பரிசுத்தமானவரே தன்னைப் பாவி என்றால் நம் நிலை என்ன!” என்று இன்னும் அதிகமாக அவரை வணங்கினார்கள். அப்படித்தான் கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார். உண்மையான வார்த்தையைப் பொய்யாக விளங்கிக்கொள்ளும் காதுகளுக்குள் போடுவது: ஹாதோர்ன் காட்டும் மாய்மாலம் இதுதான். பொய் சொல்பவனைப் பிடிப்பது சுலபம், இவரைப் பிடிக்க முடியாது.

ஏன் அந்த ஊரில் இது இவ்வளவு சுலபமாக நடந்தது? பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் அமைத்த மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1631 முதல் வாக்குரிமை திருச்சபை அங்கத்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே, அங்கத்தவராகச் சேர விரும்புகிறவர் தன் உள்ளத்தில் கிருபை எப்படி இறங்கியது என்பதைச் சபை முன்னிலையில் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் உறுதிப்பட்டது. உள்ளத்தைப் பற்றிய பேச்சு ஊர் மரியாதையின் நுழைவுச் சீட்டானது. ஒருமுறை அப்படி ஆனபின், பேசத் தெரிந்தவனுக்கும் உண்மையில் உணர்ந்தவனுக்கும் இடையில் வித்தியாசம் காண வெளியே நிற்கும் எவராலும் முடியாது.

20ஆம் அத்தியாயத்தையும் கவனியுங்கள். ஹெஸ்டரோடு கப்பலேறித் தப்பிவிடுவதாக முடிவெடுத்த மனிதர், புறப்படும் நாள் ஆளுநர் தேர்தல் நாள் பிரசங்கத்துக்கு மறுநாளாக அமைந்ததே என்று சந்தோஷப்படுகிறார். கடமையைச் செய்யாமல் போய்விட்டார் என்று ஊர் சொல்லாதாம்! ஊரை விட்டு ஓடும் வேளையிலும் ஊர் வாய்க்குப் பயம். தனக்கு ஒரு முகமும் ஊருக்கு ஒரு முகமும் வைத்திருப்பவன் கடைசியில் எது தன் முகம் என்று தானே குழம்பிப்போவான் என்று ஆசிரியர் அந்த இடத்தில் எழுதுகிறார்.

“தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்” (293). டிம்ஸ்டேலின் நோய்க்கு வைத்தியன் கண்டுபிடிக்காத பெயர் இந்தக் குறளில் இருக்கிறது.

கேள்வி: ஹாதோர்ன் தன் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டாராமே, ஏன்?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஆங்கில எழுத்தமைப்பில் ‘டபிள்யூ’ ஒன்றைச் சேர்த்தார். ஏன் என்று அவரே எழுதிவைக்கவில்லை. ஆனால் மூதாதையர் ஜோன் ஹேதோர்ன் 1692 சேலம் சூனிய வழக்குகளில் விசாரணை செய்த நீதவான்களில் ஒருவர் என்பதும், அந்தப் பாரம் பேரனின் பேரனை விடவில்லை என்பதும் சுங்க அலுவலக முன்னுரையில் வெளிப்படையாகவே இருக்கின்றன.

அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். “ஆம், நான் சூனியக்காரி” என்று பொய்யாக ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினார்கள், பொய் சொல்ல மறுத்தவர்களே தூக்கில் ஏறினார்கள். பாவ அறிக்கை என்பதே அங்கே தலைகீழாகிவிட்டது. நீதிபதிகளில் சாமுவேல் செவல் மட்டும் 1697இல் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்புக் கடிதம் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது.

கேள்வி: இந்தப் பியூரிட்டன்கள் சொல்லும் ‘முன்குறித்தல்’ நம்முடைய ஊழ்வினைதானே? வேறு பெயரில் அதே சரக்கென்று நினைக்கிறேன்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இந்த நாவல்கள் விளங்காமல் போகும்.

ஊழில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பு செய்தது இப்போது வருகிறது. செய்தவனும் நான், அனுபவிப்பவனும் நான். பியூரிட்டன்கள் பின்பற்றியது ஜோன் கல்வின் என்ற திருச்சபைச் சீர்திருத்தவாதியின் மரபு. அதன் போதனையில் அந்தக் கணக்கே கிடையாது. உலகம் உண்டாகுமுன்பே கடவுள் சிலரை மீட்புக்குத் தெரிந்துகொண்டார். அவர்கள் செய்த நன்மைக்காகவும் அல்ல, செய்யப்போகும் நன்மைக்காகவும் அல்ல. ஊழை நம்புகிறவன் “நான் என்ன செய்தேன்?” என்று கேட்பான். முன்குறித்தலை நம்புகிறவன் “நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?” என்று கேட்பான். முதல் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு நிச்சயமான பதில் இந்த உலகத்தில் இல்லை. ஆகவே அடையாளங்களைத் தேடுகிறான்: ஒழுங்கான வாழ்க்கை, தொழிலில் முன்னேற்றம், கண்ணீரோடு ஜெபம். அடையாளம் தேடுகிறவன் நாளடைவில் அடையாளம் காட்டத் தொடங்குகிறான். மாய்மாலம் முளைக்கும் மண் அது.

இதெல்லாம் நமக்கு அந்நியமான சமாசாரம் என்று எண்ண வேண்டாம். கொழும்பு 13இல் வுல்பெண்டால் மேட்டில் நிற்கும் ஒல்லாந்தர் தேவாலயம் (அடிக்கல் 1749, திறப்பு 1757) இதே கல்வின் மரபைச் சேர்ந்தது. இந்தப் போதனையை ஐந்து தலைப்புகளில் வகுத்தது 1618–19இல் ஒல்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபைதான். 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கம் பொஸ்டனில் இருந்தது. ஹாதோர்ன் எழுதிய அதே நியூ இங்கிலாந்துச் சபைகளின் வாரிசுகள் அவர்கள்.

சுயசித்தம் பற்றி அங்கே அதிகம் யோசித்தவர் போதகர் ஜொனத்தன் எட்வர்ட்ஸ். 1754இல் வெளிவந்த அவருடைய நூலின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: நீ விரும்பியதைச் செய்கிறாய், ஆகவே நீ சுதந்திரன், குற்றமும் உன்னுடையது. ஆனால் எதை விரும்புவது என்பதை நீ விரும்பித் தீர்மானிப்பதில்லை, வலுவான நோக்கம் எதுவோ அதன் பக்கமே சித்தம் சாயும். வாதமாகப் பார்த்தால் அசைக்க முடியாத கட்டுமானம்.

நாவலாசிரியர்கள் அந்தக் கட்டுமானத்தை உடைக்கப் போகவில்லை. அதை மனிதர்கள் எந்த நேரத்தில் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ‘ஸ்கார்லெட் லெட்டர்’ 14ஆம் அத்தியாயத்தில் ஹெஸ்டர் சில்லிங்வேர்த்திடம், “மன்னிக்கும் உரிமை உமக்கு மட்டும்தான் இருக்கிறது, அதையும் கைவிடப்போகிறீரா?” என்று கேட்கிறாள். உடனே அவன், தான் எப்போதோ மறந்துபோன பழைய விசுவாசம் திரும்பி வருவதாகச் சொல்கிறான்: எல்லாம் இருண்ட விதி, கறுப்புப் பூ பூத்தே தீரும். ஏழு வருடம் ஒருவனை அணு அணுவாக வதைத்தபோது நினைவுக்கு வராத போதனை, மன்னிக்கக் கேட்ட நிமிடத்தில் வருகிறது. ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய ‘பார்ட்டில்பி’ கதையிலும் அப்படித்தான். தன் அலுவலகத்தில் ஒதுங்கி நின்று, சொன்ன வேலையெல்லாம் மறுக்கும் எழுத்தரை என்ன செய்வதென்று தெரியாத வழக்கறிஞர் எட்வர்ட்ஸின் நூலைப் புரட்டுகிறார். இதெல்லாம் ஆதியிலேயே விதிக்கப்பட்டது என்று மனம் ஆறுகிறார். அதன்பின் அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

வள்ளுவர் “ஊழிற் பெருவலி யாவுள” (380) என்றும் சொன்னார், “ஊழையும் உப்பக்கம் காண்பர்” (620) என்றும் சொன்னார். முரண் என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. இந்தக் கதைகளை வாசிக்கும்போது எந்தக் குறளை யார், எந்த நேரத்தில் எடுத்துச் சொல்கிறார் என்று பார்த்தால் போதும்.

கேள்வி: ‘மோபி டிக்’ முழுவதையும் வாசிக்க நேரமில்லை. இந்த விடயத்துக்கு எந்த அத்தியாயங்கள் அவசியம்?
– மாணவர், மட்டக்குளி

பதில்: திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றைப் பற்றி மெல்வில் எழுதிய இது 135 அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் கொண்ட நூல். 1851இல் முதலில் லண்டனில் வந்த பதிப்பில் அந்த முடிவுரை விடுபட்டுப்போனது. கப்பலே மூழ்கிவிட்டதே, கதை சொல்பவன் எப்படிப் பிழைத்தான் என்று அங்கே மதிப்புரையாளர்கள் குறை கூறினார்கள். ஆகவே எதை விட்டாலும் முடிவுரையை விடாதீர்கள். 9, 16, 36, 37, 47, 123, 128, 132, 134, 135: இவற்றை இந்த ஒழுங்கில் வாசியுங்கள். திமிங்கில வகைகளை விளக்கும் 32ஆம் அத்தியாயத்தை இப்போதைக்குத் தாண்டலாம்.

16இல் கப்பல் பங்காளி பில்டாட் வருகிறார். போரை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவர். மனிதர் மேல் ஆயுதம் தூக்க மாட்டார், ஆனால் பீப்பாய் பீப்பாயாகத் திமிங்கில இரத்தம் சிந்தியவர். இங்கே ஒரு கணக்கை விளங்கிக்கொள்ள வேண்டும். திமிங்கில வேட்டைக் கப்பலில் சம்பளம் கிடையாது, நிகர இலாபத்தில் பங்கு. கதை சொல்லும் மாலுமி இஸ்மவேல் எதிர்பார்த்தது 275இல் ஒரு பங்கு. பில்டாட் தர நினைப்பது 777இல் ஒன்று. எண் பெருகப் பெருகக் காசு குறையும். அதைச் சொல்லும்போதே அவர் வேதாகமத்தைக் கையில் வைத்து, “பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம்” என்று முணுமுணுக்கிறார். பங்குக்கு அந்தக் கப்பல்காரர் சொல்லும் ‘லே’ என்ற சொல்லும், ஆங்கில வேதாகமத்தில் ‘சேர்த்துவை’ என்பதற்கு வரும் சொல்லும் ஒன்றே. தமிழில் வாசித்தால் இந்தச் சிலேடை தப்பிவிடும். கடைசியில் 300இல் ஒன்றுக்கு முடிகிறது. குறி தவறாமல் ஈட்டி எறியும் அவன் தோழன் குவீக்வெக்குக்கு 90இல் ஒன்று.

“புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி மூக்கிற் கரியார் உடைத்து” (277). குன்றிமணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பில்டாட்டைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

47ஆம் அத்தியாயம் கயிற்றுப் பாய் நெய்யும் காட்சி. மருதமுனைக் கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அசையாமல் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல் விதி. அதனூடே தன் கையால் நாடாவைச் செலுத்துவது சுயசித்தம். குவீக்வெக் ஒரு மரவாளால் நூலைச் சிலவேளை பலமாகவும் சிலவேளை மெதுவாகவும் சரிவாகவும் தட்டி நெருக்குகிறான், அது தற்செயல். மூன்றும் சேர்ந்தே பாய். பாவு இல்லாமல் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் பாவு வெறும் நூல். எட்வர்ட்ஸின் நூறு பக்கங்களுக்குச் சமமான பத்தி என்றே இதைச் சொல்லலாம்.

தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கப்பல் தலைவன் ஆஹாபை மட்டும் அவன் வாய்ச்சொல்லைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். 132இல், “இந்தக் கையைத் தூக்குவது நானா, கடவுளா, யார்?” என்று கேட்கிறான். 134இல் எல்லாம் கடல் உண்டாகுமுன்பே ஒத்திகை பார்த்தது என்கிறான். அவற்றுக்கு முன்னால் 128 இருக்கிறது. ரேச்சல் என்ற கப்பலின் தலைவன், படகோடு காணாமல்போன தன் பன்னிரண்டு வயது மகனைத் தேட உதவும்படி கெஞ்சுகிறான். ஆஹாபின் பதில்: மாட்டேன். அந்தச் சொல்லை விதி சொல்லவில்லை, “என்னை நானே மன்னித்துக்கொள்வேனாக” என்றும் அவனே சேர்த்துச் சொல்கிறான். தெரிவு அங்கே நடந்து முடிந்துவிட்டது. தத்துவம் பிறகு வருகிறது. 123இல் ஆஹாபுக்கு அடுத்த அதிகாரி ஸ்டார்பக் கையில் துப்பாக்கியோடு ஆஹாபின் கதவுக்கு வெளியே நிற்கும் காட்சியையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். முடிவுரையில் இஸ்மவேலைக் காப்பாற்றுவது எந்தக் கப்பல் என்று பார்த்தபின் 128ஐ மறுபடி ஒருமுறை வாசிக்கத் தோன்றும்.

கேள்வி: ஹக்கிள்பெரி ஃபின் “சரி, அப்படியானால் நான் நரகத்துக்கே போகிறேன்” என்கிறான். மார்க் ட்வெயின் இதில் சமயத்தைக் கேலி செய்கிறாரா?
– வாசகி, வத்தளை

பதில்: 31ஆம் அத்தியாயத்தில் அந்தப் பையன் கேலி செய்யவில்லை, நடுங்குகிறான். நரகம் உண்டு என்று முழுதாக நம்புகிறவன் பேசும் வார்த்தை அது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கனம்.

நடந்தது இது. அடிமை ஜிம் தப்பி ஓடியவன். அவனுடைய எசமாட்டி மிஸ் வாட்சன் தினமும் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் பக்தை. விற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தவள், 800 டொலர் கிடைக்கும் என்றதும் ஜிம்மை நியூ ஓர்லியன்ஸுக்கு விற்க யோசித்தாள். அதனால் ஓடினான். ஓடும் அடிமைக்கு உதவுவது திருட்டு, திருட்டு பாவம் என்றே ஹக் கற்றிருக்கிறான். ஜிம் இருக்கும் இடத்தை எசமாட்டிக்குக் கடிதமாக எழுதுகிறான். எழுதியதும் வாழ்க்கையில் முதன்முறையாகப் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் மனம் இலேசாகிறது! பிறகு ஆற்றில் ஜிம்மோடு கழித்த நாட்களை நினைக்கிறான். தன் காவல்முறை முடிந்தும் தன்னை எழுப்பாமல் ஜிம் சேர்த்துக் காவலிருந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. கடிதத்தைக் கிழிக்கிறான்.

பலர் தவறவிடுவது, அவன் தன் மனச்சாட்சியை வென்றான் என்பதை. அவனுடைய மனச்சாட்சியே அடிமைமுறை செய்து கொடுத்தது. ஆகவே “மனச்சாட்சியின் குரலைக் கேட்டான்” என்று எழுதினால் நாவலுக்கு நேர்மாறாக எழுதியதாகும். தான் செய்தது சரி என்ற ஆறுதல்கூட அவனுக்குக் கிடைப்பதில்லை. நிலைமாறாத் தண்டனை என்று நம்பியதைத் தலையில் ஏற்றுக்கொண்டு, பார்க்க ஆளில்லாத இடத்தில், பாராட்ட ஒருவரும் இல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறான். மாய்மாலத்துக்கு முழு எதிர்ப்பதம் எது என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

இதற்கு எதிரே 18ஆம் அத்தியாயத்தை வைத்து வாசியுங்கள். தலைமுறைப் பகையில் ஒருவரையொருவர் கொல்லும் இரு குடும்பங்கள் ஒரே தேவாலயத்துக்குத் துப்பாக்கியோடு வருகின்றன. பிரசங்கம் சகோதர அன்பைப் பற்றி. வீடு திரும்பும் வழியில் விசுவாசம், நற்கிரியை, முன்குறித்தல் என்று உற்சாகமாகக் கதைத்துக்கொண்டு வருகிறார்கள். மறுநாள் சுட்டுக்கொண்டு சாகிறார்கள்.

கேள்வி: ட்வெயினின் சிறுகதைகளில் இதற்குப் பொருத்தமானது?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: 1899இல் வந்த ‘ஹாட்லிபர்க்’ ஊரின் கதை. நேர்மைக்குப் பேர்போன ஊருக்கு ஒரு வழிப்போக்கன் 40,000 டொலர் பொன் என்று ஒரு மூட்டையை அனுப்புகிறான். முன்பு தனக்கு உதவியவர் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதித் தருபவருக்கே அது உரியது. ஊரின் 19 முக்கியஸ்தர்களுக்கும் அந்த வாக்கியம் தனித்தனிக் கடிதத்தில் இரகசியமாக வந்து சேர்கிறது. 19 பேரும் எழுதிக் கொடுக்கிறார்கள். 18 பேர் சபையில் பிடிபடுகிறார்கள். தப்பிய ஒரு குடும்பம்தான் அதிகம் உருக்குலைகிறது, ஏனென்றால் அவர்களை ஊர் தூக்கிவைத்துப் புகழ்கிறது. முடிவில் ஊர் தன் இலச்சினையிலுள்ள “எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்” என்ற ஜெப வரியிலிருந்து மறுப்புச் சொல்லை எடுத்துவிடுகிறது. பரீட்சைக்கு முகம் கொடுக்காத நேர்மைக்கு எவ்வளவு பலம் என்று கண்டுகொண்ட ஊர் அது.

கேள்வி: ஸ்டைன்பெக்கின் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலில் ‘திம்ஷெல்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு விவாதம் ஏன்? தமிழ் வேதாகமத்தில் அது எப்படி இருக்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: 1952இல் வந்த இந்த நாவல் காயீன், ஆபேல் கதையைக் கலிபோர்னியாவில் மறுபடி நடத்திப் பார்க்கிறது. ஆதியாகமம் 4:7இல், கோபத்தோடு நிற்கும் காயீனிடம் கடவுள் பேசுகிறார். 24ஆம் அத்தியாயத்தில் வீட்டுப் பணியாளரான சீனர் லீ, இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் அந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்ட கதையைச் சொல்கிறார். ஜேம்ஸ் அரசர் பதிப்பில் “நீ அதை ஆளுவாய்” என்று வாக்குறுதி. 1901 அமெரிக்கப் பதிப்பில் “நீ அதை ஆளு” என்று கட்டளை. எபிரேய மூலத்தில் “நீ ஆளலாம்” என்று இருப்பதாக லீயும், அதற்காகவே எபிரேயம் கற்ற முதிய சீன அறிஞர்களும் முடிவுக்கு வருகிறார்கள்.

இப்போது நம் பழைய மொழிபெயர்ப்பை எடுங்கள்: “நீ நன்மைசெய்யாதிருந்தால் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும், அவன் ஆசை உன்னைப் பற்றியிருக்கும், நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்.” தமிழர் தலைமுறை தலைமுறையாக வாசித்தது வாக்குறுதி வடிவம். ‘ஆண்டுகொள்ளுவாய்’, ‘ஆண்டுகொள்’, ‘ஆண்டுகொள்ளலாம்’ – ஒரே வினைச்சொல்லின் ஈறு மட்டும் மாறுகிறது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய வித்தியாசத்தைத் தமிழ் வாசகர் மூன்று ஈறுகளில் கேட்டுவிடலாம். ‘ஆண்டுகொள்ளுவாய்’ என்றால் முடிவு நிச்சயம், முயற்சி தேவையில்லை. ‘ஆண்டுகொள்’ என்றால் தவறினால் கீழ்ப்படியாமை என்ற குற்றமும் சேரும். ‘லாம்’ வந்தால்தான் கதவு இரு பக்கமும் திறக்கிறது. ஆளாமலும் விடலாம் என்பதும் அதற்குள் இருக்கிறது. ஸ்டைன்பெக்குக்கு மனிதனின் மகத்துவம் அந்த ஈற்றில்தான்.

ஒரு திருத்தம் அவசியம். எபிரேய உச்சரிப்பு ‘திம்ஷோல்’, ஸ்டைன்பெக் ‘திம்ஷெல்’ என்று எழுதிவிட்டார். அந்த வினை வடிவம் எதிர்காலம், கட்டளை, இயலுமை மூன்றையும் சூழலுக்கேற்பத் தாங்கக்கூடியது. ‘லாம்’ மட்டுமே சரி என்று லீ சொல்வது நாவலின் தெரிவு. மொழியியல் தீர்ப்பாக அதை விடைத்தாளில் எழுத வேண்டாம்.

கேள்வி: இந்த நாவல்கள் பற்றிய கட்டுரைகளில் எனக்கு எப்போதும் நடுத்தரப் புள்ளியே. எங்கே பிழைக்கிறது?
– மாணவி, கொழும்பு 6

பதில்: உங்கள் விடைத்தாளைப் பார்க்காமல் சொல்வதானால், வழக்கமாகப் புள்ளி போகும் இடங்கள் இவை. பாத்திரம் சொன்னதை ஆசிரியர் கருத்தாக எழுதுவது முதலாவது. ‘ஸ்கார்லெட் லெட்டர்’ 17இல், “அந்தக் கிழவனின் பழிவாங்கல் என் பாவத்திலும் கரியது” என்பதை ஹாதோர்னின் தீர்ப்பென்று எழுதுகிறார்கள். சொல்பவர் டிம்ஸ்டேல், அந்தத் தீர்ப்பால் இலாபம் அடைபவரும் அவரே. அடுத்தது, 1640களின் பியூரிட்டன்களையும் 1850இன் ஹாதோர்னையும் ஒரே ஆளாக்குவது. இடையில் இருநூறு வருடங்கள். இன்னொன்று, ஹெஸ்டர் மனந்திரும்பினாள் என்று அவசரமாக முடிப்பது. காட்டில் அவள், நாம் செய்ததற்கு அதற்கேயான ஒரு புனிதம் இருந்தது என்கிறாள். அந்த வரியை மறைத்துவிட்டு எழுதும் கட்டுரை நிற்காது.

நாற்பத்தைந்து நிமிடக் கட்டுரைக்கு இரண்டு காட்சிகள் போதும். ஐந்தைத் தொட்டால் ஐந்தும் கதைச் சுருக்கமாகிவிடும். எழுதுமுன் ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: பாத்திரம் என்ன சொல்கிறது, யாரிடம், கேட்டவர் எப்படி விளங்கிக்கொண்டார், உண்மை வெளிவந்தால் சொன்னவர் எதை இழப்பார். மூன்றாம், நான்காம் நிரல்கள் நிரம்பினால் ‘மாய்மாலம்’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல் அதை நிரூபித்துவிடலாம். சுயசித்தம் பற்றிய கேள்வியானால் இன்னொரு நிரல்: வேறு விதமாகச் செய்திருக்கக்கூடிய கடைசி நிமிடம் எது? தியோடர் டிரைசரின் ‘அன் அமெரிக்கன் டிராஜடி’ (1925) போன்ற நூலுக்கு இந்த நிரல் உயிர்நாடி. கிளைட் தன் காதலியைக் கொலை செய்யத் திட்டமிட்டே அவளோடு படகில் ஏறுகிறான், அடிக்க மனம் வராமல் உறைந்து நிற்கிறான், கமரா தவறுதலாகப் பட்டுப் படகு கவிழ்கிறது, அவள் கூப்பிடக் கூப்பிட அவன் நீந்தி விலகுகிறான். சட்டம் ஒரு கணத்தைப் பார்க்கிறது, டிரைசர் நான்கைக் காட்டுகிறார்.

கேள்வி: ஒரே ஒரு கதை வாசிக்கத்தான் நேரம் இருக்கிறது. எது?
– வாசகர், மருதானை

பதில்: ஹாதோர்னின் ‘தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்’. 1836இல் வந்தது, ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஹூப்பர் என்ற போதகர் ஒரு ஞாயிறு காலை முகத்தை மறைக்கும் கறுப்புத் திரையோடு வருகிறார், காரணம் சொல்வதில்லை. அவர் என்ன பாவம் செய்தார் என்று துப்புத் துலக்கிக்கொண்டு வாசித்தால் கதை கைக்குள் நிற்காது. ஊரார் ஒவ்வொருவரும் அந்தத் திரையைக் கண்டு எதை ஒளிக்கிறார்கள் என்று பாருங்கள். மணம் பேசிய எலிசபெத், ஒரு தடவை மட்டும் அதை விலக்கும்படி கேட்கும் பக்கத்தில் சற்று நின்று வாசியுங்கள். மரணப் படுக்கையில் அவர் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, எல்லா முகங்களிலும் ஒரு கறுப்புத் திரை தெரிகிறது என்கிறார். அவருடைய திரையை எவரும் எடுக்கவில்லை. அதோடேயே அடக்கம் செய்கிறார்கள்.